முட்டை குடித்த சுவர்

கடப்பாரை சுவரில் பட்டு எகிறி, கொத்தனார் பச்சையப்பனின் முட்டியைப் பதம் பார்த்தது. "அய்யோ!" என்று அவன் போட்ட கூச்சலில், கூடத்தில் கிடத்தியிருந்த சிங்காரவேலுவே எழுந்து உட்கார்ந்துவிடுவாரோ என்று பெண்கள் ஒப்பாரியை ஒரு கணம் நிறுத்தினார்கள்.

காலையில் கண்ணை மூடிய மனிதர் நாள் பார்த்து மூடவில்லை. அடைப்பு நட்சத்திரம். அப்படிப் போனவரை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவரை இடித்து, அந்த வழியாகத் தூக்கிப் போய், கையோடு ஓட்டையை அடைத்துவிட வேண்டும். சோரியாங்குப்பத்தில் மற்றதெல்லாம் மண்சுவர். நாலு தட்டு தட்டினால் வழி விட்டுவிடும். இதுதான் ஊரின் ஒரே செங்கல் வீடு.

சொந்தச் சூளையில் சுட்ட கல். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், கூடை கூடையாகக் கோழிமுட்டை எல்லாம் போட்டு அரைத்த சாந்து. "புதுச்சேரி கவர்னரு மாளிகையிலயும் கெடையாது, ஆத்துக்கு அந்தாண்ட இங்கிலீஷ்காரன் சீமையிலயும் கெடையாது" என்று வருவோர் போவோரை நிறுத்திச் சுவரைத் தட்டிக் காட்டுவார் சிங்காரவேலு.

"வயித்துப் புள்ளக்காரி எனக்கு ஒரு முட்டை அவிச்சுத் தரலியே, அம்மாம் முட்டையும் சுவத்துக்கே ஊத்துனியே ராசா!" என்று தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள் அவர் மனைவி தனக்கொடி. ஒப்பாரியில் இதற்கெல்லாம் இடம் உண்டு. யாரும் தவறாக நினைக்கவில்லை.

கொழுந்தன் கண்ணையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னாடா பச்சையப்பா, பொழுது சாயுது. இருட்டறதுக்குள்ள எடுத்தாவணும்டா. அடிக்கிற வெயிலுக்கு நாளைக்கு வரைக்கும் தாங்காது."

"எங்க நைனா கட்டுனதுண்ணா. தூள்கூட உதிர மாட்டேங்குது."

எங்கே இடிக்க வேண்டும் என்று தனக்கொடிக்குத் தெரியும். சொல்லவில்லை. கடப்பாரை எகிறும்போதெல்லாம் கூட்டம் "அடேங்கப்பா, இன்னா சுவரு!" என்றது. உயிரோடு இருந்தபோது அவர் சுவரைப் பற்றி ஆரம்பித்தாலே நழுவி ஓடிய அதே ஆட்கள். மனிதர் காது குளிரக் கேட்கட்டும் என்றுதான் அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள். முற்றத்து வெயில் முழுக்க இறங்கிய பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"அங்க இல்லடா. இந்தாண்ட வா. நெல்லுக் குதிருக்குப் பின்னாடி."

வீடு கட்டும்போது அவள் கெஞ்சிக் கேட்டாள் என்று பச்சையப்பனின் தகப்பன் அங்கே ஒரு ஜன்னலுக்கு இடம் விட்டிருந்தார். சிங்காரவேலு பார்த்துவிட்டார். "காத்து வந்து வெளக்க அணைச்சுடும்டி" என்று குதித்தார். கட்டியதை அடைக்க மாட்டேன் என்று கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட, சிங்காரவேலுவே கரண்டியைப் பிடித்து, வெறும் சேற்றைக் குழைத்து அடைத்தார். மேலே பூச்சு ஏறியதும் ஊருக்கு அது மறந்துபோயிற்று.

"அது இந்த மனுசன் தன் கையால அடைச்சது," என்றாள். "நிக்காது."

ஒரே குத்து. மொத்தமும் பொலபொலவென்று தோட்டத்துப் பக்கம் சரிந்தது. யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். தனக்கொடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். பாதி அழுகையும்தான்.

தான் அடைத்த வழியாகவே சிங்காரவேலு வெளியே போனார்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் ஓட்டையை அடைக்கப் பச்சையப்பன் கல்லும் சாந்துமாக வந்து நின்றான்.

"வேணாம். ஒரு சட்டம் கொண்டாந்து ஜன்னலு வச்சுடு," என்றாள் தனக்கொடி.

குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்த கண்ணையன் பதறிப்போனார். "தெரிஞ்சுதான் பேசறீங்களா அண்ணி? ஓட்டைய அப்டியே உட்டா, போனவரு வழி புடிச்சித் திரும்பி வந்துடுவாரு!"

"வரட்டும். வந்து பாக்கட்டும், எம்மாம் காத்து வருதுன்னு."

கரும்புக் கொல்லையிலிருந்து காற்று உள்ளே வந்தது. சிங்காரவேலுவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஏற்றி வைத்திருந்த விளக்கு படபடத்துச் சாய்ந்தது. தனக்கொடி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சுடரைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துக்கொண்டாள்.