அப்பா எழக்கூடாத மணி

சுகாதார நிலையத்து நர்ஸ் அலாரத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று அந்தத் தீயணைப்பு வீரருக்கு உள்ளூர உதறல். மகளின் உள்ளாடையில் மாட்டிவிடும் சின்னக் கருவி அது. ஈரம் பட்டால் அலறும். இரவலாகத்தான் கொடுப்பார்கள், பலனில்லையென்றால் வாங்கி அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒன்பது வயது மகளுக்கோ அதைவிடப் பெரிய கவலை. லீவுக்கு அத்தை வீட்டில் போய்த் தங்க வேண்டும். படுக்கையை நனைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது?

"இன்னும் நனையுதா?" என்று நர்ஸ் கேட்டார்.

மகள் செருப்பைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

"உன் மேல தப்பே இல்லடா கண்ணு. தூக்கம் உனக்கு ஆழம், அவ்வளவுதான். வீட்ல வேற யாருக்காவது சின்ன வயசுல இருந்துச்சா சார்?"

எரிகிற கட்டடத்துக்குள் யோசிக்காமல் நுழைகிற மனிதர், இந்தக் கேள்விக்கு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மனைவியிடம்கூடச் சொல்லாத சங்கதி. "எனக்குத்தான். பத்து வயசு வரைக்கும். அதுக்கு வாங்காத அடி இல்ல," என்றார்.

மகள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "நீங்களாப்பா?"

"நானேதாம்மா."

எத்தனையோ நாளாகக் காணாத சிரிப்பு அவள் முகத்தில். அப்பாவின் மானம் போனதில் பிள்ளைக்கு அப்படியொரு நிம்மதி.

"சரி, மணி அடிச்சதும் என்ன செய்றீங்க?" என்றார் நர்ஸ்.

இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு. "அது வாயைத் தொறக்கறதுக்குள்ள எழுந்துடுவேன் மேடம். ஸ்டேஷன் பழக்கம். மணிய நிறுத்திட்டு, பாப்பாவைத் தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல உட்கார வைப்பேன். துணி மாத்தி, போர்த்தி விட்டுடுவேன். அவ கண்ணே தொறக்க மாட்டா."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப மணி உங்களுக்குத்தானே அடிக்குது. எழ வேண்டியது அவ. அவளே நிறுத்தணும், அவளே நடந்து போகணும். எழலைன்னா எழுப்பி விடுங்க, ஆனா தூக்காதீங்க. மிஷின் இன்னும் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்."

நல்லது செய்வதாக நினைத்து நாமே காரியத்தைக் கெடுத்திருக்கிறோமே என்று வீடு வந்து சேரும்வரை அவருக்கு மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து மகளைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தூக்கத் தெம்பிருந்தும் தூக்காமல் நிற்பது லேசுப்பட்ட வேலையில்லை.

பிறகு ஒருநாள், விடியப்போகிற நேரத்தில் மணி அலறியது. அவர் கால் தானாகத் தரையில் இறங்கியது. மனைவி பனியனைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க. என்ன, தீயா புடிச்சிருக்கு?"

பக்கத்து அறையில் மணி நின்றது. யாரும் எழுப்பவில்லை. பாத்ரூம் விளக்கு எரிந்தது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர்கள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்சம்தான் நனைஞ்சுதுப்பா. நானே மாத்திக்கிட்டேன். அத்தை வீட்டுக்கு இந்த மிஷினையும் எடுத்துட்டுப் போறேன். நீங்க கூட வர வேணாம்."

"சரிம்மா," என்றார் அவர். அவருக்குச் சந்தோஷம்தான். சும்மா கிடந்த கைகளை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.