நாலு விரல் உயரம்

சிம்மக்கல் சந்துக்குள் நஜீமின் வண்டி நுழைந்ததுமே வீட்டுக்குள் இருக்கிற அவன் மனைவி சனோபருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். முதலில் டீசல் உறுமல் அடங்கும். பிறகு கதவு திறக்கும். திறந்த கையோடு, யாரோ பெருமூச்சு விட்டதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். வண்டி உட்காருகிற சத்தம் அது.

உட்காருவது என்றால் நிஜமாகவே உட்காருவதுதான். கோயம்புத்தூரிலிருந்து கை மாறிக் கை மாறி வந்த, ஜீப் மாதிரிப் பெரிய வண்டி அது. மற்ற வண்டிகளில் ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இதில் ரப்பர் பைகள் இருந்தன. பைக்குள் காற்று. ஓடும்போது காற்று ஏறி நிமிர்ந்து நிற்கும். நிறுத்திக் கதவைத் திறந்தால், ஆள் ஏறி இறங்கத் தோதாகத் தானாகவே கொஞ்சம் காற்றை விட்டுத் தாழும். எவ்வளவு தாழும் என்று கேட்டால், நாலு விரல் உயரம். அவ்வளவுதான்.

அந்த நாலு விரல் எவ்வளவு பெரியது என்பது சனோபருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஸ்கூட்டரில் போனவளை ஒரு வேன் இடித்துத் தள்ளி, இடது இடுப்பில் தகடு வைத்த நாளிலிருந்து அவளை எல்லோரும் தூக்கினார்கள். ஆட்டோவில் ஏற நஜீம் தூக்கினான். கல்யாண மண்டபப் படியில் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். கேட்டுத் தூக்கியவர்கள் குறைவு. அவள் கால் எடுத்து வைப்பதற்குள் யாரோ ஒருவர் கை அவள் அக்குளுக்குள் வந்துவிடும். நல்ல மனசோடு வருகிற கைதான். அதனால்தான் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த வண்டி வந்த அன்று, நஜீம் ஓடி வருவதற்குள் அவள் கைத்தடியை சீட்டில் போட்டாள், மேலே இருந்த பிடியைப் பிடித்தாள், வலது காலைப் படியில் வைத்து ஒரு எம்பு எம்பினாள். உள்ளே இருந்தாள். தானாக. யாரும் கவனிக்கவில்லை, அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. நஜீம் வண்டியைக் கிளப்பியதும் அது அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அந்தத் தூக்கலில் மட்டும் அவளுக்குக் கூச்சம் வரவில்லை.

நஜீம் சிம்மக்கல்லில் பழ மொத்த வியாபாரம் செய்கிறவன். அழகர்கோவிலைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். தோப்புக்குப் போகிற வழியில் ஓடை ஒன்று குறுக்கே கிடந்தது. தண்ணீர் கிடையாது, அத்தனையும் கூர்க்கல். தை மாதத்திலிருந்து இரண்டு டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது.

ஆரப்பாளையத்தில் டயர் கடை வைத்திருக்கும் அழகுராஜா அவனுக்குச் சின்ன வயசுக் கூட்டாளி. இருவரும் ஒரு நாள் முழுக்க அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கட்டைகட்டையாகப் புடைத்த பட்டன் டயராக, அதிலும் ஒரு அளவு பெரிதாகப் போடுவது என்று முடிவு செய்தார்கள். மாட்டி முடித்ததும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்தார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அழகுராஜாவின் விரல்கள் தாராளமாகப் போய் வந்தன. எல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நிமிர்ந்து நின்ற நிலையில் பார்த்தது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் நஜீம் வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தான். 'ஸ்ஸ்ஸ்' வந்தது. கூடவே 'கர்ரக்' என்று ஒரு சத்தமும் வந்தது. பெரிய டயர் மட்கார்டுக்குள் இருந்த பிளாஸ்டிக்கில் போய்க் குத்திக்கொண்டு நின்றது.

நஜீம் பதறிப்போய் போன் போட்டான். ஸ்பீக்கரில் அழகுராஜாவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

"அட, அது எறங்குற வண்டியா? மறந்தே போச்சு மாப்ள! ஒண்ணுமில்ல, செட்டிங்ல அத ஆஃப் பண்ணி விட்டுரு. எப்பயும் நின்ன மேனிக்கே நிக்கும்."

"எறங்காட்டி ஒண்ணும் ஆகாதே?"

"என்ன ஆகும்? நீ என்ன குள்ளனா, ஏற மாட்டாம?"

நஜீம் சிரித்தான். வண்டிக்குள் இருந்த திரையில் இரண்டு மூன்று தடவை தட்டினான். பிறகு வாசலில் நின்ற சனோபரைப் பார்த்து, "ஒனக்குத்தான் கொஞ்சம் ஒசரம். அதுக்கென்ன, நான் தூக்கி விட்டுர்றேன்" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்தாள். 'மச்சான், அந்த டயர் வேணாம்' என்றால், ஏன் என்பான். 'நீங்க தூக்குறது பிடிக்கல' என்றால் அவன் முகம் என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் பகலும் இரவும் கூடவே கிடந்தவன். கை கொடுக்கிறவனிடம் கை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இது ஒரு பெரிய விஷயமா என்றுகூடச் சில நேரம் தோன்றியது. ஆனால் வெளியே போகலாம் என்று அவன் கூப்பிட்ட இரண்டு தடவையும் தலைவலி என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, வெறும் நாலு விரலுக்காகப் பொய் சொல்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் விடவில்லை. "தோப்புல வடு பிடிச்சிருக்கு. நீ இன்னும் பாக்கவே இல்ல. கெளம்பு."

சந்தில் எல்லோரும் பார்க்கத் தூக்கி ஏற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓடையில் வண்டி ஆடாமல் குலுங்காமல் ஏறி இறங்கியது. புது டயர் கல்லைக் கவ்விக்கொண்டு போனதில் நஜீமுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே வந்தான். தோப்பில் அவன் அவளைத் தூக்கி இறக்கும்போது, காவலுக்கு இருக்கும் மாயக்காள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள்.

"என்ன தம்பி, நேத்துத்தான் கலியாணம் முடிச்ச கணக்கா தூக்கிட்டு எறங்குறீக!"

"பொறாமையாக்கா?"

"எங்கூட்டு மனுசன் சாக்கு மூட்டையத் தூக்கவே ஆள் தேடுவாரு!"

மூன்று பேரும் சிரித்தார்கள். சனோபரும்தான் சிரித்தாள்.

தோப்பு அழகாக இருந்தது. பூ உதிர்ந்த கிளைகளில் கொத்துக்கொத்தாக வடு. காற்றில் மாம்பால் வாசனை. கைத்தடியை ஊன்றி அவள் மரம் மரமாக நின்று பார்த்தாள். நஜீம் ஒரு வடுவை ஒடித்து அவள் கையில் வைத்தான்.

"இம்புட்டு நாளும் அந்த ரோட்டுல ஒன்னயக் கூட்டியாரப் பயம். குலுங்குனா ஒனக்கு இடுப்பு வலிக்கும்ல? அதுக்குத்தான் இந்த டயரு."

அவள் வடுவை உள்ளங்கையில் உருட்டினாள். இப்போது எப்படிச் சொல்வது?

கிளம்புகிற நேரம் வந்தது. நஜீம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். கிணற்றிலிருந்து வரும் வாய்க்காலின் கரைமேல் அவள் கண் போனது. முழங்கால் உயரம் இருக்கும். பக்கத்தில் தரை மட்டமாக இருந்தது.

"மச்சான், வண்டிய அந்தக் கரையோரம் ஒட்டி நிப்பாட்டுங்க."

"எதுக்கு?"

"நிப்பாட்டுங்களேன்."

அவன் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினான். கரைமேல் ஏறவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவைத் திறந்தாள். தடியை உள்ளே போட்டாள். காலைத் தூக்கும்போது கரையின் ஈரமண் சறுக்கியது. நஜீம் பாய்ந்து வந்தான்.

"வராதீங்க!"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. நஜீம் நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். அவள் கதவைப் பிடித்து மூச்சு வாங்கினாள். மறுபடி காலை எடுத்து வைத்தாள். இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். சேலையெல்லாம் சேறு.

நஜீம் சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பவில்லை.

"என் கை வேணாமா ஒனக்கு?"

"கை வேணும் மச்சான். தூக்கத்தான் வேணாம்."

"ரெண்டு வருசமாத் தூக்குறேன். ஒரு நாளும் சொல்லலையே."

"அப்பயெல்லாம் தூக்கத்தான் வேண்டியிருந்துச்சு. இந்த வண்டி வந்தப்புறம்தான் வேணாம்னு ஆச்சு. இது உக்காந்துச்சு, நானே ஏறுனேன். நீங்க கவனிக்கல."

நஜீமின் விரல் திரைமேல் போய் நின்றது. "நானே அத ஆஃப் பண்ணிட்டேன்" என்றான்.

"எனக்காகத்தான் மாத்துனீங்கன்னு இப்பத்தான தெரியும். ரோடு சொகமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல."

அவன் வண்டியைக் கிளப்பி அழகர்கோவிலைத் தாண்டினான். கோபமா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வண்டி நேராக ஆரப்பாளையம் போனது.

அழகுராஜா கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். "வா தங்கச்சி! என்ன மாப்ள, போன வாரம் மைனர் கணக்காப் போன, இப்ப மூஞ்சி செத்துப்போயி வந்திருக்க?"

"இதக் கழட்டு. கம்பெனி அளவுலயே பட்டன் டயர் இருக்கா?"

"இருக்கு. ஆனா ஓடையில வண்டி வயிறு கல்லுல தட்டுமே?"

"அங்க போறப்ப காத்த ஏத்தி ஒசத்திக்கிறேன். அதுக்கும் தட்டுனா எறங்கிக் கல்லப் பொறக்கிப் போட்டுட்டுப் போறேன். வண்டி உக்காரணும் மாப்ள. அம்புட்டுத்தான்."

அழகுராஜா ஏதோ கேட்க வாயெடுத்து, சனோபரைப் பார்த்து, கேட்காமல் ஜாக்கியை எடுத்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தாள். கழற்றிச் சாய்த்து வைத்த பெரிய டயர்களை நஜீம் ஒரு தடவை தடவிப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

மாட்டி முடித்து, செட்டிங்கைத் திருப்பிப் போட்டு, கதவைத் திறந்தார்கள். பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்துக்கு நடுவே மூன்று பேரும் காதைக் கொடுத்தார்கள். வண்டி மூச்சு விட்டது, தாழ்ந்தது, நின்றது. உரசவில்லை.

"இன்னொரு தடவ பண்ணு" என்றான் நஜீம்.

இன்னொரு தடவையும் உரசவில்லை.

சனோபர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வண்டியருகே வந்தாள். கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு அழகுராஜா அவசரமாக ஓடி வந்தான். "பாத்து தங்கச்சி, பிடிச்சுக்க."

நஜீம் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"விடு மாப்ள. அவளே ஏறிக்குவா."