நாற்பத்தேழில் முடியும் எண்

ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் இன்னும் அசிங்கம்.

புரோகிராம் எழுதுகிற எடிட்டருக்குள் எனக்கு ஒரு ஏஐ உதவியாளர் இருந்தது. நான் அரை வரி எழுதினால் மீதியை அது எழுதும். உண்மையில் அந்த அரை வரியும் பெரும்பாலும் அதனுடையதுதான். ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலையில், அது பதில் சொல்ல ஐந்து விநாடி தாமதித்தது. போடி பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்சுக்கு முக்கால் மணி நேரம் வாயைப் பொளந்துகொண்டு நிற்கிற எனக்கு அந்த ஐந்து விநாடி பொறுக்கவில்லை. லாக்-அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வந்தால் சரியாகிவிடும் என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். செய்தேன். வெளியே போவது சுலபமாக இருந்தது.

உள்ளே வர முடியவில்லை. சிவப்பாக ஒரு பெட்டி வந்தது: "ஏதோ தவறு நடந்துவிட்டது. பிறகு முயலவும்." என்ன தவறு, எங்கே, யாரால், ஒன்றும் கிடையாது. ஊர்ப் பெரிய மனிதர்கள் பேசுகிற மாதிரியே இருந்தது.

உதவியாளரை அழித்து மறுபடி ஏற்றினேன். எடிட்டரைப் புதுப்பித்தேன். கம்ப்யூட்டரில் தேதி சரியா என்று பார்த்தேன். அது சரி, எனக்குத்தான் சரியில்லை. வைஃபையை விட்டுவிட்டு போனிலிருந்து இணையம் கொடுத்தேன். கடைசியில் மேசையைத் துடைத்தேன். அதனால் எதுவும் சரியானதாக வரலாறு இல்லை, ஆனாலும் துடைத்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சிவப்புப் பெட்டி போய் வேறொரு பெட்டி வந்தது. "47-இல் முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டது. அதை இங்கே இடவும்."

எனக்கு அந்த எண் தெரியும். அது ஈஸ்வரின் எண். ஈஸ்வர் செத்துப் பத்து மாதம் ஆகிறது.

ஈஸ்வரும் நானும் போடியில் ஒரு பாத்திரக் கடை மாடியில் சின்னதாகத் தொழில் வைத்திருந்தோம். அவன் ராசிங்காபுரத்துக்காரன், மூளை அவனுடையது. என் பெயர் அழகுராஜா, என் பங்கு நாற்காலி. குரங்கணிக்கு மேலே ராக்கையா என்பவரின் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஒரு கருவி செய்தோம். பறித்த பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, விறகடுப்புச் சூடு போகும் குழாய்க்கு மேலே ஒரு நாள் முழுக்கக் காய வைப்பார்கள். சூடு ஏறினால் காய் வெளுத்துப் போகும். அதனால் உள்ளே ஆணியில் ஒரு சூடுமானி தொங்கும். ஐம்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் ஈஸ்வரின் போனுக்குச் செய்தி போகும். அவன் ஒன்று என்ற எண்ணை அமுக்கினால் 'பார்த்தாச்சு' என்று பதிவாகும். பத்து நிமிடத்துக்குள் அமுக்காவிட்டால் எனக்கு அழைப்பு வரும்.

ஏஐக்குப் பணம் கட்டிய கணக்கும் அவனுடையதே. ஸ்டோரைப் பற்றி ஒரு வருடம் அவன் அதனிடம் பேசிப்பேசிச் சொல்லி வைத்திருந்தான். புதுக் கணக்குத் தொடங்கினால் உதவியாளர் கிடைக்கும், அவன் சொன்னதெல்லாம் கிடைக்காது. இது தொழில் காரணம். இன்னொன்றும் இருக்கிறது. எனக்குச் சோம்பேறித்தனம் அதிகம், வேளைக்குச் சாப்பிடவும் மாட்டேன் என்பதால், வேலை தொடங்கும் முன் என்னை ஒரு கேள்வி கேட்கச் சொல்லி அதற்கு அவன் எழுதி வைத்திருந்தான். பத்து மாதமாக ஒவ்வொரு நாளும் எடிட்டரைத் திறந்ததும் அது கேட்கும்: "சாப்ட்டியா மாப்ளே?"

முதல் வாரம் அந்த வரியைப் பார்த்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் பதில் சொல்லப் பழகினேன். எடிட்டருக்குப் பொய் சொல்ல முடியாமல் நேரத்துக்குச் சாப்பிட்டும் பழகினேன்.

உதவியாளர் இல்லாததால் அன்றைக்கு வேறு வழியின்றி ஸ்டோரின் பதிவேட்டை நானே திறந்து படித்தேன். நான் எழுதிய புரோகிராமின் பதிவேட்டை நான் படித்தது அதுவே முதல் முறை. ஈஸ்வர் செத்த விபத்துக்குப் பின் ஒரு மாதம் கருவியை நிறுத்தியிருந்தார்கள். மார்கழியில் மறுபடி ஓடவிட்டதாக ராக்கையா சொன்னார். அதன்பின் எனக்கு ஒரு அழைப்புகூட வராததால் கருவி திருந்திவிட்டது என்று நினைத்திருந்தேன்.

திருந்தவில்லை. மார்கழி முழுக்க, தை முழுக்க, பறிப்பு முடிந்த மாசிவரை, பிறகு மறுபடி ஆடியிலிருந்து, சூடு ஐம்பத்தெட்டைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் செய்தி போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வரி.

பார்த்தாச்சு – ஈஸ்வர்.
பார்த்தாச்சு – ஈஸ்வர்.

கடைசி வரி அன்று காலை பதினொன்று இருபதுக்கு. கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். மணி போனது. எடுக்கப்பட்டது. யாரும் பேசவில்லை. தூரத்தில் பச்சை விறகு வெடிக்கிற சத்தம், யாரோ மூச்சு விடுகிற சத்தம். "மாப்ளே" என்றேன், புத்தி கெட்டுப்போய். அந்தப் பக்கம் மூச்சு நின்றது. வைத்துவிட்டேன். அதன்பின் இரண்டு நாள் கூப்பிடவில்லை; ஓடிபி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன், இரவல் கேட்டு வாசலில் நிற்பவன் மாதிரி.

வெள்ளிக்கிழமை ராக்கையாவுக்குப் போன் செய்தேன். "ஈஸ்வரு போனு எங்க இருக்குண்ணே?"

"மேலதான் இருக்கு."

"யாரு கையில?"

"நீயே வந்து பாரு. எத்தன மாசம்தான் கீழயே உக்காந்து சோலி பாப்ப?"

அவரும் சிவப்புப் பெட்டி மாதிரிதான். அந்தச் சாவைப் பற்றி எதைக் கேட்டாலும் யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. நான் கேட்டதோ ஒரே கேள்வி. போன ஐப்பசியில் மதியம், மழை கொட்டுகிற நேரத்தில், என் திரையில் எழுபத்தொன்று என்று வந்தது. ஸ்டோர் எரிகிறது என்று நினைத்தேன். மேலே யார் போனிலும் சிக்னல் எடுக்காது. ஈஸ்வர் அன்று லீவு போட்டு ராசிங்காபுரத்தில் இருந்தான். ஒரு முறை கூப்பிட்டேன். அவன் பைக்கில் கிளம்பினான். குரங்கணிக்கு மேலே ஜீப்புப் பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து கிடந்தது.

ஸ்டோர் எரியவில்லை. மழைக் காலத்தில் மலையில் துணி காய்வது ஸ்டோர் சூட்டில் மட்டும்தான். முதலாளிக்குத் தெரியாமல் எல்லாரும் உள்ளே துணி போடுவார்கள். அடுப்புப் பார்க்கும் கன்னையன், தன் ஈர ஸ்வெட்டரை மாட்ட ஆணி தேடி, சூடுமானியைக் கழற்றிக் குழாய் மேலேயே வைத்துவிட்டார். எழுபத்தொன்று என்றது வெறும் குழாயின் சூடு. தட்டில் காய் ஐம்பதில் சுகமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவன் போயிருப்பானா? இதுதான் என் கேள்வி. "அவரு எப்பவும் ஓடி வர்ற ஆளுய்யா" என்றார் கன்னையன். விதி என்றார் ராக்கையா. ஒரு நாள் ஏஐயிடமே கேட்டேன். உங்கள் வருத்தம் இயல்பானது என்று தொடங்கி ஐந்து பத்தியில் ஆறுதல் சொன்னது. கேட்டது மட்டும் அதில் இல்லை.

ஈஸ்வரின் மனைவி சுஜாதாவிடம் கேட்கவில்லை. பதினாறாம் நாள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை காலை, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சின்ராசு ஓட்டும் தோட்டத்து ஜீப்பில் ஏறினேன். குரங்கணி வரை வாய் ஓயாமல் பேசி வந்தவன் அதற்கு மேலே பேச்சைக் குறைத்தான். ஓரிடத்தில் பாட்டை நிறுத்தினான்.

"இந்த வளைவா?"

"பூரா வளைவுதானண்ணே" என்றான். "கம்பியப் பிடிச்சு உக்காருங்க."

மூன்று வளைவு தாண்டித்தான் பாட்டை மறுபடி போட்டான். எந்த வளைவு என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஸ்டோர் கல் கட்டடம், தகரக் கூரை. பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து காய் வாசனையோடு நின்றன. கருவிக்கும் ஈஸ்வரின் போனுக்கும் ஒரே கம்பெனி சிம். அந்த ஒன்றுதான் அங்கே எடுக்கும், அதுவும் மேற்குச் சுவரில் மட்டும். சுவரைச் சுற்றிப் போனேன். ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஈஸ்வரின் போன், மூலையில் விரிசலோடு. சார்ஜ் ஒயர் ஜன்னல் வழியே உள்ளே போயிருந்தது.

தொடப் போனேன். போன் அதிர்ந்தது. ஐம்பத்தொன்பது என்று செய்தி. என் பின்னாலிருந்து ஒரு கை வந்து, கவருக்கு மேலேயே ஒன்றை அமுக்கியது.

"வாங்கண்ணே" என்றாள் சுஜாதா. இன்னொரு கையில் விறகு.

எனக்கு உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் உள்ளே போய் அடுப்பிலிருந்து இரண்டு கட்டையை வெளியே இழுத்துவிட்டு வந்தாள்.

"நீ இங்கயா இருக்க?"

"மார்கழில இருந்து. கன்னையண்ணன் பகல்ல ஒறங்குவாரு. பகலுக்கு நானு." தலைக்குக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "ஓடிபிக்குத்தான வந்தீங்க? புதன்கெழமையில இருந்து இருவத்திமூணு வந்திருக்கு. யாருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருந்துச்சு. அதான் சொல்லல."

"போன எடுத்தது நீதானா?"

"'மாப்ளே'ன்னு உங்க பேரு வந்துச்சு. எடுத்துட்டேன். நீங்க என்னைய மாப்ளேன்னீங்க. என்ன பதில் சொல்ல?"

சிரிக்கலாமா என்று யோசித்தேன். அவளும் அதையே யோசிப்பது போலிருந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"பதிவேட்டுல அவன் பேரு வந்துகிட்டே இருந்துச்சு" என்றேன்.

"அமுக்குனா அவரு பேருலதான் போகுது. மாத்தத் தெரியாது." துண்டைத் தோளில் போட்டாள். "மாத்தச் சொல்லவும் இல்ல."

"எதுக்கு அமுக்கணும்? நீயே இங்கதான நிக்கிற."

"அமுக்கலேன்னா பத்து நிமிசத்துல உங்களுக்குப் போன் போயிரும்ல? நீங்க எவனையாச்சும் கூப்புட்டு வெரசா மேல போடான்னு சொல்லிருவீங்க."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்புக்கு விறகு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். ஜன்னல் வழியே பார்த்தேன். சூடுமானி அதன் ஆணியில் மூன்று சுற்றுக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. துணி மாட்ட வாசல் பக்கம் தனியாக நான்கு ஆணிகள். ஒன்றில் கன்னையனின் ஸ்வெட்டர் தொங்கியது.

அந்தச் சுவரோரம் இருந்த விறகு அடுக்கின் மேல் லேப்டாப்பைத் திறந்தேன். அவன் போனிலிருந்தே இணையம் எடுத்தேன். இருபத்து நான்காவது ஓடிபி கேட்டேன். அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள், நான் அடித்தேன். ஒரு எண்ணைத் தவறாக அடித்துவிட்டு மறுபடி கேட்டேன், மறுபடி படித்தாள். சிவப்புப் பெட்டி வரவில்லை. எடிட்டரின் வலது ஓரத்தில் உதவியாளர் திறந்தது. நான்கு நாள் காணாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சாப்ட்டியா மாப்ளே?"

சுஜாதா குனிந்து பார்த்தாள். இதைப் பற்றி அவளுக்குத் தெரியாது என்பதை அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். உதடு அசைய இரண்டு முறை படித்தாள்.

"இது அவரா?"

"அவன் எழுதி வச்சது. தெனமும் கேக்கும்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"சாப்பிட்டேன்னு."

அவள் போனைக் கவரில் போட்டு ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து விறகு அடுக்கின் மறுமுனையில் உட்கார்ந்தாள். பனி கொஞ்சம் விலகி, கீழே போடி வெயிலில் தெரிந்தது. அங்கிருந்துதான் அன்றைக்குக் கூப்பிட்டேன். ஒரு முறை என்று மேலே எழுதியிருக்கிறேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். இரண்டு முறை கூப்பிட்டேன். மழை விடட்டும், போறேன் என்று முதல் முறை அவன் சொன்னான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். எனக்குத்தான் எதுவும் பொறுக்காதே.

"சுஜாதா" என்றேன். "நான் கூப்புடாம இருந்திருந்தா அவன் அன்னைக்குப் போயிருப்பானா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"போயிருக்க மாட்டாரு" என்றாள். "மொதத் தடவ கூப்புட்டப்ப சோத்துல கை வச்சிருந்தாரு, எந்திரிக்கல. ரெண்டாந்தடவ கூப்புட்டீங்க. கை கழுவிட்டுப் போயிட்டாரு. நீங்க கூப்புட்டதுனாலதாண்ணே போனாரு."