பதினைந்து நாள் மருந்து

முருகேஸ்வரிக்கு ‘வெள்ளக்காரி’ என்று பெயர் வைத்தவர் தெருமுனை மளிகைக்கடை செல்வதுரை அண்ணாச்சி. அவள் நிறத்துக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெள்ளம் வரும், வெள்ளம் வரும் என்று வருஷம் முழுக்கப் பொருள் சேர்க்கிறவள் என்பதால் வந்த பெயர். வாரம் ஒரு பொருள் வாங்குவாள், அதற்கு மேல் வாங்க வசதியில்லை. வீட்டில் மாவாட்டி விற்கிற காசில் ஒரு வாரம் அவல், அடுத்த வாரம் மெழுகுவர்த்தி, அதற்கடுத்த வாரம் குளோரின் மாத்திரை. கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வாங்கியதை மொட்டைமாடி ஷெட்டுக்கு ஏற்றிவிடுவாள்.

அவளுடைய பயம் இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் பிடித்த பயம். தூத்துக்குடியே தண்ணீரில் மிதந்த அந்த நாட்களில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஃபிரிட்ஜ் சரிந்து விழுந்து, அதற்குள் இருந்த இன்சுலின் குப்பி சாக்கடைத் தண்ணீரோடு போய்விட்டது. மகள் பானுப்பிரியாவுக்குப் பத்து வயதிலேயே சர்க்கரை வியாதி. இரண்டு வேளை ஊசி தவறினால் வாந்தி, மூன்றாவது வேளையும் தவறினால் மயக்கம். மூன்றாம் நாள் கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிவந்த ஃபைபர் படகு ஒன்று அவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் படகில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போன நேரம் முருகேஸ்வரியை விட்டுப் போகவே இல்லை.

கணவன் லிங்கராஜ் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். ஷெட்டைப் பார்க்கும்போதெல்லாம், கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிறாயா என்று கேட்பான். குடிதண்ணீர் டிரம், சின்ன கேஸ் அடுப்பு, அரிசி, பொட்டுக்கடலை, சர்க்கரை இறங்கிப்போனால் மகள் வாயில் போட உடன்குடிக் கருப்பட்டி, பாலிதீனில் சுற்றிய ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. ஒரு பெரிய மண்பானைக்குள் ஈர மணலை நிரப்பி, மணலுக்குள் சின்னப் பானையைப் புதைத்து, அந்தக் குளிர்ச்சியில்தான் இன்சுலினை வைத்திருந்தாள். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்து அங்கேதான் இருக்கும். ஃபிரிட்ஜை அவள் நம்பி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்தத் தடவை மழை சனிக்கிழமை மத்தியானம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது தெரு தெரியவில்லை. வாசற்படியைத் தண்ணீர் தொட்டதுமே அவள் மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினாள். கிரைண்டரை மட்டும் தூக்க முடியவில்லை. செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தாள், செங்கலுக்கு மேலும் தண்ணீர் ஏறிவிட்டது. லிங்கராஜ் ஓசூரில் இருந்தான். காலையில் ஒரு தடவை பேசினான், குரலில் கேலி இல்லை. அதன் பிறகு டவர் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை மழை சற்று ஓய்ந்திருந்தது. ஷெட்டில் அடுப்பைப் பற்றவைத்து அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. விஜிலா. இரண்டு தெரு தள்ளி, பள்ளமான பக்கத்தில் குடியிருப்பவள். அவள் புருஷன் அமலன் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை பார்ப்பவன். முருகேஸ்வரிக்கு அவர்களைத் தெரிந்தது பெரியாஸ்பத்திரியில், மாதம் ஒரு தடவை இன்சுலின் வாங்க நிற்கும் வரிசையில்தான். அமலனுக்கும் பானுவுக்கும் ஒரே மருந்து.

விஜிலா மார்பு வரை நனைந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. முகத்தைப் பார்த்ததுமே, எதற்கு வந்திருக்கிறாள் என்று முருகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று விடியற்காலையில் ஃபிரிட்ஜோடு மருந்து போய்விட்டது, பக்கத்து மாடிவீட்டுப் படிக்கட்டில்தான் இருக்கிறோம் என்று விஜிலா மூச்சு வாங்கச் சொன்னாள். இரவெல்லாம் அவன் வாந்தியெடுத்திருக்கிறான். இப்போது பேச்சு குழறுகிறது. படகு தேடிப்போன அவள் தம்பி இன்னும் திரும்பவில்லை.

“யக்கா, ஒங்ககிட்ட இருக்கும்னுதான் வந்தேன். ஒரு குப்பி தாங்க. ஒரு ரெண்டு வேளைக்காவது தாங்க.”

பானை முருகேஸ்வரிக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடியபடி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“பிள்ளைக்கு மட்டுந்தான்ளா இருக்கு,” என்றாள். “அதுவும் முடியப் போவுது.”

சொல்லி முடித்ததும் தன் குரல் யாரோ ஒருத்தியின் குரல் போல அவளுக்கே கேட்டது. விஜிலா கெஞ்சவில்லை. சாக்கையும் முருகேஸ்வரியின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். தண்ணீருக்குள் அவள் நடக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

முருகேஸ்வரி கஞ்சியைக் கிண்டினாள். கை தன்னால் கிண்டிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்ய, எனக்கென்ன ஆஸ்பத்திரியா இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த வரிசையில் நின்று, வாங்கியதைப் பத்திரப்படுத்தி, மூன்று மாதம் மாவு விற்ற காசில் மருந்துக்கடையில் ஒரு குப்பி கூடுதலாக வாங்கி வைத்தது யாருக்காக? போன தடவை என் பிள்ளை மயங்கிக் கிடந்தபோது யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கஞ்சி அடிப்பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் அவள் அடுப்பை அணைத்தாள்.

பானு பாயில் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. ஊசி போட்டுப் போட்டு, எண்களை வேகமாகக் கணக்குப் பார்க்கப் பழகிய பிள்ளை.

“நம்மகிட்ட எத்தன நாளைக்கு இருக்கும்மா?”

முருகேஸ்வரி கஞ்சிப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பானு எழுந்துபோய்ச் சாக்கை விலக்கிச் சின்னப் பானைக்குள் பார்த்தாள். ஒரு முழுக் குப்பி. திறந்து பாதியான குப்பி ஒன்று.

“முழுசு பத்து நாளு. பாதி அஞ்சு நாளு. பதினஞ்சு நாளு இருக்கு. போன தடவ நாம எத்தன நாளு கெடந்தோம்?”

“மூணு நாளு.”

“அவுக நேத்துலேருந்து கெடக்காங்க.”

குற்றம் சொல்வது போல அவள் பேசவில்லை. அது எப்படி இருக்கும் என்பது அவள் உடம்புக்குத் தெரியும். நாக்கு உலர்ந்து மரக்கட்டையாவதும், மூச்சு தன்னால் இழுத்து இழுத்து ஓடுவதும், பக்கத்தில் பேசுகிறவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்பதும் அவளுக்குத் தெரியும்.

முருகேஸ்வரி இரண்டு குப்பிகளையும் கையில் எடுத்தாள். திறந்த குப்பிக்குள் மகளின் ஊசி எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறது. கொடுப்பதென்றால் திறக்காததைத்தான் கொடுக்க வேண்டும். பத்து நாளை எடுத்துக் கொடுத்துவிட்டு ஐந்து நாளை வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஐந்து நாளில் வடியும் என்று யார் எழுதிக் கொடுத்தது? மறுபடி யோசித்தால் கொடுக்க மாட்டோம் என்று தோன்றியது. அதனால் யோசிக்காமல், மூடி இறுகப் போடும் ஊறுகாய் டப்பாவில் குப்பியையும் ஆறு புது ஊசிகளையும் போட்டு, பாலிதீனில் சுற்றித் தலையில் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகாதே, பசித்தால் அவலைத் தின்னு, தலை சுற்றினால் கருப்பட்டி என்று மகளுக்குச் சொன்னதையே மூன்று தடவை சொன்னாள். பிறகு இறங்கினாள்.

தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றது, நிறம் காப்பித் தண்ணீர் மாதிரி. துணி காயப்போடும் கம்பு ஒன்றை எடுத்து, முன்னால் ஊன்றிப் பார்த்துப் பார்த்து நடந்தாள். ஓடை எங்கே, பாதை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மூடியில்லாத பாதாளச் சாக்கடை ஒன்று அந்த வழியில் இருப்பது ஞாபகம் வந்தது. அது வலப்பக்கமா இடப்பக்கமா என்பது மட்டும் வரவில்லை. காம்பவுண்டுச் சுவர்களைப் பிடித்துக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கம்பு அடியில்லாமல் இறங்கியது. அவள் சுவரோடு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றாள். பானு தனியாக இருக்கிறாள், நான் இதில் போய்விட்டால் சாயங்கால ஊசியை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது.

மாடிவீட்டுப் படிக்கட்டின் திருப்பத்தில் அமலன் படுத்திருந்தான். கயிறு இழுத்துத் திரண்ட கைகள் இரண்டும் துவண்டு கிடந்தன. மூச்சு வேகவேகமாக, ஆழமாக ஓடியது. பழம் அழுகியது போன்ற ஒரு வாடை வந்தது. அந்த வாடையை முருகேஸ்வரி மறந்திருக்கவில்லை.

விஜிலா அவளைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. டப்பாவை வாங்கி, எத்தனை யூனிட் போடுவார் என்று முருகேஸ்வரி கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னாள். ஊசியில் மருந்தை ஏற்றியது முருகேஸ்வரி, போட்டது விஜிலா. பிறகு இருவரும் மாறி மாறி உப்புக் கலந்த தண்ணீரைக் கரண்டியால் அவன் உதட்டில் விட்டார்கள். முதலில் வெளியே வழிந்தது. அரை மணி நேரம் கழித்து ஒரு வாய் உள்ளே போனது.

“இது மட்டும் போதாது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும்,” என்றாள் முருகேஸ்வரி.

விஜிலா தலையை மட்டும் ஆட்டினாள்.

படகு வரும்வரை அங்கே இருக்க அவளால் முடியவில்லை. மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சுவரும் தெரியாத மழை. வீட்டுப் படியை அவள் கையால் தடவித்தான் கண்டுபிடித்தாள். மேலே ஏறியபோது பானு பாயில் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தாள். சர்க்கரை பார்த்து, ஊசியும் தானே போட்டுவிட்டதாகச் சொன்னாள். எத்தனை யூனிட் என்று முருகேஸ்வரி கேட்டாள். சரியாகத்தான் போட்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

கையில் ஐந்து நாள் மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு நாளைத் தள்ளுவது கஷ்டமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஒரு படி இறங்கியது. புதன்கிழமை அதே படி ஏறியது. ஒவ்வொரு வேளையும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கொடுத்தது தப்பு என்று காலையில் தோன்றும், மத்தியானம் அந்த வாடை ஞாபகத்துக்கு வரும். கீழே செல்வதுரை அண்ணாச்சி ஒரு லாரி டியூபில் மிதந்துவந்து, தன் வீட்டுக் குழந்தைக்குப் பால்பவுடர் இருக்கிறதா என்று வெட்கத்தோடு கேட்டார். கொடுத்தாள். ஷெட்டில் இருந்த மற்றதை யார் கேட்டாலும் கொடுக்க அவளுக்குக் கஷ்டமாக இல்லை. வியாழக்கிழமை வெயில் அடித்தது. வெள்ளிக்கிழமை முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிவந்தாள். அப்போது பழைய குப்பியில் இரண்டு வேளைக்குத்தான் இருந்தது.

அமலனைத் திங்கட்கிழமை சாயங்காலமே படகு வந்து ஏற்றிப்போயிருந்தது. நான்கு நாள் தீவிர சிகிச்சை, பிறகு ஒரு வாரம் வார்டு. இதெல்லாம் தெருவில் பேசிக்கொண்டது காதில் விழுந்ததுதான். விஜிலா வந்து எதுவும் சொல்லவில்லை. முருகேஸ்வரியும் போய் விசாரிக்கவில்லை. போக வேண்டும் என்று தினமும் நினைப்பாள், வீட்டுச் சேற்றைக் கழுவிக்கொண்டே இருந்துவிடுவாள்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் விஜிலா வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

“அவுக வேலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டாங்க. டாக்டர் சொன்னாரு, அந்த ஊசி போடலேன்னா படகு வந்தும் பிரயோசனம் இருந்திருக்காதாம்.”

முருகேஸ்வரி சேலைத் தலைப்பில் ஈரக்கையைத் துடைத்தாள்.

“நான் நன்றி சொல்ல மட்டும் வரலக்கா,” என்றாள் விஜிலா. “அன்னைக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டீங்கள்லா. திரும்பிப் போற வழியெல்லாம் ஒங்களச் சபிச்சிட்டே போனேன். ஒங்க பிள்ளயச் சேத்துச் சபிச்சேன். அது நெஞ்சுல கெடந்து அறுக்குது. கோயில்ல சொல்லிப் பாத்தேன், போவல. ஒங்ககிட்டயே சொல்லணும்னு வந்தேன்.”

முருகேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைச் சபித்தேன் என்று கேட்டதும் கோபம் வர வேண்டும். வரவில்லை. மூன்று வாரமாக மூச்சை முட்டிக்கொண்டிருந்தது என்னவோ கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது.

“முழுக் குப்பிய வச்சுக்கிட்டுத்தான்ளா இல்லன்னேன்,” என்றாள்.

“தெரியும். சாக்கப் பாத்தேன்.”

“பெறவு ஏன் கேக்கல?”

“என் பிள்ளைக்கின்னு வச்சிருந்தா நானும் தர மாட்டேன்னு தோணிச்சு.”

தெருவில் யாரோ ஈர மெத்தையை வெயிலில் போட்டுக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். முருகேஸ்வரி மறுபடியும் உள்ளே வரச் சொன்னாள். இந்தத் தடவை விஜிலா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். பால் இல்லை, வரக்காப்பிதான். பானு பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை இருந்துவிட்டுப் போகட்டுமா என்று விஜிலா கேட்டாள். அவளை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் போல இருக்கிறதாம்.

“இரு,” என்றாள் முருகேஸ்வரி. “நாலரைக்கு வந்துருவா.”