ஒரே பாக்ஸில் மூன்று

எங்கள் மருத்துவமனையின் நெட்வொர்க்கை மேற்பார்வை பார்க்கும் கன்ட்ரோலரை ஒரே சர்வரில் வைப்பதா, ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும்படி மூன்று சர்வர்களில் கிளஸ்டராக வைப்பதா என்று எனக்கும் மச்சானுக்கும் ஒரு வாரமாகத் தகராறு. ஒரே அறையில்தான் இருவருக்கும் வேலை. சண்டை வீடு வரை வந்ததில், அவரைக் கட்டிய என் அக்கா இரண்டு பேரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணு போதும்டா. பேக்கப் எடுத்து வெச்சா போச்சு. மூணையும் யாரு கட்டி மேய்க்கிறது?" என்பார் மச்சான்.

நான் விடுவேனா? நிர்வாகி அம்மாவை அழைத்துவந்து, சோதனைக்காக நெட்வொர்க்கோடு இணைத்து ஓடவிட்டிருந்த மூன்று சர்வர்களில் ஒன்றை அணைத்துக் காட்டினேன். மற்ற இரண்டும் அலட்டிக்கொள்ளாமல் வேலையைத் தொடர்ந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மச்சான் குனிந்து, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைத் தட்டினார். மிச்சமிருந்த இரண்டும் அணைந்தன. மூன்றையும் அதில்தான் செருகியிருந்தேன்.

"ஐயோ, வார்டுல நெட் போச்சா?" என்று நிர்வாகி அம்மா பதறினார்.

"போகாதும்மா. கன்ட்ரோலர் இல்லாட்டியும் இருக்கிற செட்டிங்ல ஓடும். புதுசா எதையும் மாத்தத்தான் முடியாது," என்றார் மச்சான்.

என் முகத்தில் ஈயாடவில்லை. "சரி, நீங்களே ஜெயிச்சீங்க. ஒண்ணே வெச்சுக்கோங்க!" என்று கத்தினேன்.

"யார்றா அப்படிச் சொன்னா?" அவர் ஒரு சர்வரைக் கழற்றித் தூக்கிக்கொண்டார். "ஒண்ணு போயும் ரெண்டு நின்னுச்சே, அதுலயே மனசு மாறிட்டேன். இது எதிர் பில்டிங்குக்கு. இன்னொண்ண நீ மாடிக்குத் தூக்கு. தனித்தனி கரண்ட் லைன்."

"அப்ப சுவிட்சை எதுக்குத் தட்டினீங்க?"

"வாயால சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"