வேப்பிலை கட்டிய வாசல்

1

இதை எழுதும் எண்ணமே எனக்கில்லை. மைசூரில் எங்கள் தெருவில் நடந்த தடுப்பூசி முகாமில், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வந்திருந்த மாதேவியம்மாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சொந்த ஊர் கொள்ளேகால் தாண்டி ஹனூர்ப் பக்கம் என்றார். என் அப்பா லிங்கப்பன் அந்த ஊர்களில்தான் வீடு வீடாகப் போய் அம்மைத் தடுப்பூசி குத்தினார் என்று பெருமையடித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

2

1957. வெயில் கொளுத்திய ஒரு மதியம், லிங்கப்பன் தன் பையை

(சே, சர்க்கார் அறிக்கை மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று.)

பெரியம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வெளியாள் நுழையக் கூடாது. நான்கு வயதுக் கெம்பையனுக்கு அம்மை குத்த விடக் கூடாதென்று, அம்மையே வராத வீட்டில் வேப்பிலை கட்டச் சொன்னாள் தாய். கட்டியவள் அவன் அக்கா, ஒன்பது வயது மாதேவி. என் அப்பா வாசலோடு திரும்பினார். இருபதாம் நாள் நிஜமாகவே அம்மை வந்தது. கெம்பையன் பிழைக்கவில்லை.

"அம்மா சொன்னாங்க. ஆனா கட்டுனது இந்தக் கைதானுங்க," என்றார் மாதேவியம்மா. இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லையாம். "உங்கப்பா அந்த எலையப் பாத்து ஏமாந்துதானுங்களே போனாரு? அத எழுதி எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

3

முடிவு ஒன்று: அப்பா ஏமாந்தார். (கூடத்தில் மாலை போட்ட படமாக இருக்கிறார். நல்ல மனிதர். இப்படியே விட்டுவிடலாம்.)

முடிவு இரண்டு: சாவதற்கு முந்தின வாரம் அப்பா என்னிடம் சொன்னது. "உள்ள பையன் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சுடா. எலை பொய்னு தெரியும். கொள்ளேகால் பஸ் போயிடும்னு வந்துட்டேன்." பதிவேட்டில் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதினாராம். எந்த வீடென்று மாதேவியம்மா சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதை எழுதினால் அந்தக் கையிலிருந்து பாதிப் பழியாவது இறங்கும். இறங்கி நேராக என் அப்பா தலையில் ஏறும். மூன்று முறை அடித்தேன், மூன்று முறை திரும்ப எழுதினேன். பயமாக இருக்கிறது.

4

இப்போது மாதேவியம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து தெரியாது. நான் ஒரு பகுதியையே விழுங்கினாலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது பகுதி வரை படித்துவிட்டேன். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

"அப்புறம்? ஏமாந்தாருங்களா?"

மூன்றாவது பகுதி உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. என் நாற்காலியில் நீங்கள் வந்து உட்காருங்கள். தாளை வாங்கிக்கொள்ளுங்கள். உரக்கப் படியுங்கள், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.