மூன்றாவது குறுக்குக் கட்டை

டமார்!

சைக்கிள் டியூப் வெடித்ததைப் போல ஒரு சத்தம். தெருவில் இல்லை. என் மடியில்.

கம்பி அறுந்திருக்கும், கம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே விரலால் தடவி எண்ணினேன். ஆறும் இருந்தன. ஆனால் ஆறும் துணி காயப்போடும் கொடிபோலத் தொளதொளவென்று தொங்கின. கம்பி அறாமல் தொய்ந்தால், போனது வேறு எதுவோ.

கிடாரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவிலுள்ள வட்ட ஓட்டைக்கும், கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் கட்டைக்கும் இடையில் மேற்பலகை உள்ளே அமுங்கிக் கிடந்தது. பட்டினி வயிறு மாதிரி.

மணி பதினொன்று பத்து. மாமனார் நூலகத்திலிருந்து பன்னிரண்டரைக்கு வருவார். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கே வெளிக்கதவு கிறீச்சிடும்.

எனக்கு முன்பு இந்தக் கிடாரை உடைத்தவர் ஒருவர் இந்த வீட்டில் இருந்தார். என் கணவரின் அண்ணன். இருபது வயதில், கன்னத்தில் ஐந்து விரல் பதிய, உடுத்தியிருந்த துணியோடு வெளியே போனவர். பதினான்கு வருஷமாகிறது. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியாது. மாமியார் கடைசி நாட்களில் கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "பெரியவனா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாராம். பெற்ற மகனுக்கே அந்தக் கதி. நான் வந்து மூன்று வருஷமே ஆன மருமகள்.

கணவருக்குப் போன் போட்டேன். தெருக்கோடி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவருக்கு.

"ஏங்க, உடனே வீட்டுக்கு வாங்க."

"என்ன அவசரம்? ஒருத்தருக்கு லென்ஸ் மாட்டிட்டு இருக்கேன்."

"கிடார் உடைஞ்சிருச்சு."

"உன்னோடதுதானே?"

"இல்லீங்க. மாமாவோடது."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து சிதறும் சத்தம் கேட்டது. லென்ஸாகத்தான் இருக்கும்.

எனக்கென்று ஒரு கிடார் இருக்கத்தான் செய்கிறது. புதுசு. தொட்டால் நீளமாக, இனிப்பாக ஒலிக்கும். நான் வாசிப்பது ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு. அதற்கு அந்த இனிப்பு ஆகாது. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் டும் டும் என்று ஒரே சீராக நடந்துகொண்டிருக்க வேண்டும். மற்ற இரண்டு விரல்கள் மேல் கம்பிகளில் அழ வேண்டும், கிண்டலடிக்க வேண்டும், பதில் பேச வேண்டும். ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்க வேண்டும். அதற்கு மாமனாரின் கிடார் மாதிரி பழையதுதான் சரி. பலகைக்கு அடியில் கட்டைகள் ஏணிப்படி போல ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுக்கே மட்டும் ஓடும். குரலில் ஈரமே இருக்காது. முகத்துக்கு நேராகப் பேசுகிற சித்தப்பா மாதிரி.

நாளைக் காலை எனக்கு ஓர் ஒலிப்பதிவு. பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு முதல்முறையாக வந்த அழைப்பு. ஆசை யாரை விட்டது? கம்பி கழற்றிய நிலையில் மாமனார் அறையிலுள்ள பீரோ மேல் பதினான்கு வருஷமாகப் படுத்திருந்த கிடாரைப் பத்து மணிக்கு இறக்கினேன். பன்னிரண்டு மணிக்கு ஏற்றிவிடலாம் என்று கணக்கு.

ஏணிக்கட்டைக் கிடாருக்கு மெல்லிய கம்பிதான் போட வேண்டும். அதையும் இரண்டு படி சுருதி இறக்கி வைப்பதுதான் நல்லது. எனக்குத் தெரியாததில்லை. கடையில் தடித்த கம்பிதான் இருந்தது. இறக்கி வைத்தால் தாங்கும் என்று வாங்கினேன். தாங்கவும் செய்தது. ஆனால் நாளை என்னோடு வாசிக்கப் போகிறவர் மவுத் ஆர்கன்காரர். மவுத் ஆர்கனை முறுக்கி ஏற்ற, இறக்க முடியாது. கிடார்தான் ஏறி வர வேண்டும். ஐந்தே நிமிஷம் ஏற்றிப் பார்க்கலாம் என்று திருகினேன். ஆறாவது கம்பி சுருதிக்கு வந்தது. மூன்று சுற்று வாசித்தேன். அப்படியொரு குரலை என் விரல்கள் அதுவரை எழுப்பியதில்லை.

பிறகுதான் டமார்.

கணவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கிடாரைப் பார்த்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

"ஏன் தொட்டே? ஊர்ல உலகத்துல வேற கிடாரே இல்லையா?"

"அப்புறமா திட்டுங்க. இப்ப என்ன சொல்றது?"

"பூனை தள்ளிவிட்டுச்சுன்னு சொல்லலாம்."

"நம்ம வீட்ல பூனையே இல்லை."

"வெளிப் பூனை."

"வெளிப் பூனை வந்து, பீரோ மேல ஏறி, புதுக் கம்பி வாங்கி மாட்டி, சுருதி சேர்த்துட்டுப் போச்சா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு வரவில்லை, இருவருக்குமே.

என் கைப்பையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடி ஒன்று கிடக்கும். கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி. அதை வட்ட ஓட்டைக்குள் விட்டு, போன் விளக்கை அடித்தேன். தூசி, சிலந்தி நூல், ஒரு பழைய பொத்தான். ஒன்று, இரண்டு... மூன்றாவது குறுக்குக் கட்டை ஒரு பக்கம் பிய்ந்து, ஆடும் பல் மாதிரி தொங்கியது.

ஒட்டிவிடலாமா என்று கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அந்தக் கட்டை இருந்த இடத்தில் பழைய பசை காய்ந்து மஞ்சளாக, தழும்பு மாதிரி. முன்பும் இதே கட்டைதான் பிய்ந்திருக்கிறது. அதே இடம், அதே பக்கம்.

"ஏங்க, உங்க அண்ணன் இதை எப்படி..."

கிறீச்.

வெளிக்கதவு. மணி பதினொன்று நாற்பதுகூட ஆகவில்லை.

கணவர் கிடாரைப் பிடுங்கிப் போர்வையில் சுருட்டினார். கம்பிகள் உள்ளே முனகின. கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காலால் உள்ளே தள்ளினார். செருப்பைக் கழற்றும் சத்தம், ஒன்று, இன்னொன்று. மாமனார் எப்போதும் செருப்பை ஜோடியாக நேர் செய்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த நேரம் மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்தது.

மாமனார் கூடத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"நூலகத்துல பெயின்ட் அடிக்கிறாங்க. நீ என்னடா இந்த நேரத்துல? கடைக்கு லீவா?"

"தலைவலிப்பா."

"தலைவலிக்கு எதுக்கு வயித்தைப் பிடிச்சுட்டு நிக்கிறே?"

கணவர் அவசரமாகக் கையைத் தலைக்கு மாற்றினார்.

மாமனார் தன் அறைக்குள் போனார். நாற்காலி இழுபடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு வரை எழுந்திருக்க மாட்டார். வரவில்லை. எதுவுமே கேட்கவில்லை. பீரோவின் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று புரிந்தது. சுற்றிலும் தூசி, நடுவில் கிடார் படுத்திருந்த இடம் மட்டும் துடைத்த மாதிரி.

"ரெண்டு பேரும் இங்க வாங்க."

கட்டிலுக்கு அடியிலிருந்து நானே எடுத்தேன். போர்வையோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"நான்தான் மாமா. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் போர்வையை விலக்கினார். கிடாரை மடியில் வைத்து, அமுங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பது போல அப்படியே வைத்திருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"என்ன கம்பி?"

"தடிச்சது மாமா."

"எதுவரைக்கும் ஏத்தினே?"

"முழு சுருதி."

தலையை மெல்ல ஆட்டினார். ஒரு காலத்தில் சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு உட்கார்ந்து வாசித்தவர். மூத்தவர் போன நாளோடு விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கட்டைவிரல் இப்போது தொய்ந்த கம்பி மேல் அசையாமல் கிடந்தது.

"துணிமணியை எடுத்து வச்சுக்கோம்மா. உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு."

"மாமா..."

"பெத்த மகனுக்கு ஒரு நியாயம், வந்தவளுக்கு ஒரு நியாயம்னு இந்த வீட்ல கிடையாது. அவனுக்கு என்ன சொன்னேனோ, அதுதான் உனக்கும்."

நான் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தரைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதை நெருங்கும் ஆம்பிளை. அந்த நிமிஷம் பள்ளிக்கூட வராந்தாவில் முட்டி போடவைத்த பையன் மாதிரி நின்றார்.

என் அம்மா வீடு என்பது ஓர் அறை. அதில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்கள் கைக்குழந்தை. எங்கே போய்ப் படுப்பேன்? என்ன சொல்லிப் போவேன்? கிடார் உடைத்ததற்காகத் துரத்திவிட்டார்கள் என்றா? யார் நம்புவார்கள்? வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் ஊர் பேசும்.

அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். போகப் போகிறவளுக்கு இனி என்ன பயம் என்று நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேசினேன்.

"போறேன் மாமா. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? மூத்தவர் இதை எப்படி உடைச்சார்?"

அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் பதினான்கு வருஷமாக எடுத்ததில்லை. மாமனாரின் தாடை இறுகியது.

"கீழே போட்டுட்டான். அவனே சொன்னான்."

"கீழே விழுந்தா ஓரம் நசுங்கும் மாமா. பக்கவாட்டுல விரிசல் விடும். இதுல பாருங்க, சுத்திவர ஒரு கீறல் கிடையாது. அன்னைக்குப் பிஞ்சதும் இதே கட்டைதான். உள்ளே பழைய பசை இருக்கு. இன்னைக்கு நான் பண்ணின அதே தப்பைத்தான் அன்னைக்கும் யாரோ பண்ணியிருக்காங்க."

குட்டிக் கண்ணாடியை நீட்டினேன். அது அறை முழுக்க வெளிச்சப் பொட்டை வீசியது. வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போன் விளக்கை என்னைப் பிடிக்கச் சொல்லி, வட்ட ஓட்டைக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கிடாரின் ஓரத்தை விரல் நுனியால் ஒரு சுற்று முழுக்கத் தடவி வந்தார்.

"விழுந்த லிஃப்டையும் பார்த்திருக்கேன். இழுவை தாங்காம பிஞ்ச லிஃப்டையும் பார்த்திருக்கேன்" என்றார், தனக்குத் தானே. "அன்னைக்கு மட்டும் பார்க்கலை. அவன் கீழே போட்டேன்னான், நான் கையை ஓங்கிட்டேன். ஒட்டறவன்கிட்ட அனுப்பினேன். வந்ததும் பீரோ மேல போட்டேன்."

குட்டிக் கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அவனுக்கு நான்தான் கத்துக் கொடுத்தேன். இது வயசான கிடார், இறக்கித்தான் வைக்கணும்னு எட்டு வயசுலயே சொல்லிக் கொடுத்தேன். ஒருநாளும் அவன் சுருதியை ஏத்தினதில்லை. ஒருநாளும்." குரல் கிழிந்தது. "அப்போ கீழே போட்டேன்னு அவன் எதுக்குப் பொய் சொன்னான்?"

கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. கிடாரிடம் கேட்டார். ஆனால் எனக்குப் பக்கத்தில் ஏதோ தொப்பென்று விழுந்தது. திரும்பினேன். கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை.

"எனக்காகத்தான்பா சொன்னான். அன்னைக்குக் கம்பியை ஏத்தினது நான்."